பின்னாலிருந்து கூப்பிடாதே

கண்ணு ஜாபர்,

ஸலாம் சொல்லிவிட்டு, நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஸலாம் சொல்லியாயிற்று. நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தெரியாத மாதிரி நாம் இரண்டு பேரும் நடிக்கிறோம். உன் அம்மாவுக்குத் தெரியாது என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். இன்று அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தத்தைக் கேட்டால் அவளுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

டாக்டரிடம் போ என்று நேற்று போனில் சொன்னேன். நீ சிரித்தாய். "அத்தா, காலங்காத்தால கலாய்க்க ஆளு கெடைக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டு, நாலு சாக்குச் சொல்லி, கம்பெனிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாய். உன் மேல் தப்பு இல்லை. ஏரியில் முதலை விட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, சின்ன வயதில் உன்னைப் படகுப் பக்கமே போகவிடாமல் செய்தவன் நான். உன் அக்கா கல்யாணத்தில் பிரியாணிக்கு உப்பே போடவில்லையாம் என்று பந்திக்கு முன்னால் கிளப்பிவிட்டு, சமையல் பண்டாரியைக் கண் கலங்க வைத்தவன் நான். இப்படியே வாழ்ந்துவிட்டு, ஒரு நாள் நிஜமாகப் பயந்து பேசினால் யார் நம்புவார்கள்? அதனால்தான் எழுதுகிறேன். தாளில் என்னால் கண்ணடிக்க முடியாது. உன்னாலும் பாதியில் கட் பண்ண முடியாது. போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பலாமே என்றாள் உன் அம்மா. வேண்டாம் என்றேன். நீ கட்டை விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரியை மட்டும் படிப்பாய். கூரியரில் வருகிறது. உட்கார்ந்து படி. இல்லை, உட்காராதே, நடந்துகொண்டே படி. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

ஐந்தாவதோடு நின்றவன் எழுதுவது. பேசுகிற மாதிரி எழுதினால் எங்கள் வாத்தியார் கையிலேயே போடுவார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை, அதனால் புத்தகத் தமிழ்தான் வருகிறது. பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ வந்திருந்தபோது, சுபுஹு தொழுகைக்கு எழுந்து முன் அறை வழியாகப் போனேன். நீ விழித்துக் கிடந்தாய். எழுந்திருக்கப் பார்த்தாய். நேராக எழவில்லை. முதலில் ஒருக்களித்தாய். பிறகு ஒரு காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாய். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து, மரம் ஏறுகிறவன் மாதிரி ஒவ்வொரு கம்பியாகக் கையை மாற்றி மேலே வந்தாய். வந்த பிறகும் நிமிரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஏற்றம் தெரியும், கண்ணு. அந்தக் கம்பிகள் என் கை பட்டுப் பட்டுத்தான் வழுவழுவென்று ஆகியிருக்கின்றன.

அப்புறம் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி, ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் போய்த் திரும்பினாய். வரும்போது வேறு ஆள். கையில் பால் பாக்கெட், வாயில் விசில்.

"என்ன கண்ணு, முதுகா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தா. ஓசூர்லிருந்து பைக்லயே வந்த அலுப்பு. அத்தன ஹேர்பின் பெண்டு ஏறுனா வலிக்காதுங்களா?" என்றாய்.

அலுப்பு என்றால் படுத்துத் தூங்கினால் போகும். உனக்குத் தூங்கினால் வருகிறது, நடந்தால் போகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை அந்தக் காலத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், இன்றைக்கு நான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு நம் மிளகு, தைலக் கடையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாய். வெளியே பனி மூடி ஏரியே தெரியவில்லை, உள்ளே நீ கறுப்புக் கண்ணாடி. "சினிமாக்காரரு ஷூட்டிங்குக்கு வந்திருக்காரு, நவுந்துக்கங்க" என்று உன் அக்கா கேலி பண்ணியதும் கழற்றினாய். இடது கண் வெற்றிலைச் சாறு பட்ட மாதிரி இருந்தது. மெட்ராஸ் ஐ என்று உன் அம்மா சொன்னாள். மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், வீட்டில் இன்னொருவருக்காவது தொற்றும். உனக்குப் பீளையே இல்லை. ஒரு கண்தான் சிவந்திருந்தது. உள்ளே வலிக்கிறது என்றாய், டியூப் லைட்டைப் பார்க்க முடியவில்லை என்றாய். கல்லாவில் நின்றிருந்த எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் ஆத்தூரிலிருந்து சபீனா வீட்டார் உன் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வருகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். என்னால் வாயை மூட முடியும் என்பதே உன் அம்மாவுக்கு ஆச்சரியம்.

இரு. உட்கார்ந்து எழுதினால் எனக்கு இடுப்பு கட்டையாகிவிடுகிறது. ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். பெரியண்ணன் பழக்கடை வரைக்கும் போனேன். அவன் இருக்கிற கடுப்பில் பேச்சுக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். அவன் கொய்யாக் கூடையைக் குரங்கு கவிழ்த்துவிட்டதாம். அவன் நாய் கதை பின்னால் வருகிறது, மறக்காமல் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் சபீனாவின் அண்ணனிடம் நீ ஒரு கதை சொன்னாயே, என் நிக்காஹ் கதை. நம் வீட்டில் எந்தக் கல்யாணம் பேசினாலும் அந்தக் கதை இல்லாமல் முடியாது. மாப்பிள்ளையான நான் பள்ளிவாசலில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஹஜ்ரத் ஓதி முடித்துவிட்டார். எல்லாரும் கை கொடுக்கக் காத்து நிற்கிறார்கள். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. எழுங்க, எழுங்க என்கிறார்கள். மாப்பிள்ளை அசையவில்லை. "பொண்ண வந்து தூக்கச் சொல்லுங்க, அப்பத்தான் எந்திரிப்பேன்" என்கிறான். சபையே விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஹஜ்ரத் கூடத் தாடிக்குள் சிரிக்கிறார். கடைசியில் பெரியண்ணன் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறான்.

நீ நன்றாகத்தான் சொன்னாய். என்னைவிட நன்றாகச் சொன்னாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன்னைப் பார்த்தேன். வந்த பெரியவர்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, நீ மட்டும் நாற்காலியில் இருந்தாய். "கீழ வாங்க மாப்ள" என்று அந்தப் பையன் கூப்பிட்டான். "பேண்ட் டைட்டுங்க மச்சான்" என்று சொல்லிச் சிரிப்பைக் கிளப்பினாய். அந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

ஏனென்றால் உனக்குத் தெரிந்த கதையில் பாதிதான் இருக்கிறது. மீதி இது. அன்றைக்கு என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை, கண்ணு. விளையாட்டுக்கு இல்லை. இடுப்பும் பின்புறமும் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிவிட்டன. சபையில் மானம் போகப்போகிறதே என்று பயந்து, வாயில் வந்ததைச் சொன்னேன். அது நன்றாக விழுந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எல்லாமே மறைந்துவிட்டது. என் நோய் ஊரறிய வெளியே வந்த நாள் அதுதான். நாம் அதை இத்தனை வருஷமாகப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிறோம்.

நான் அப்போது எஸ்டேட் லாரியில் கிளீனர். மூட்டை ஏற்றுவது, இறக்குவது, பெண்டில் சக்கரத்துக்குக் கட்டை போடுவது எல்லாம் நான்தான். முதுகு வலிக்கிறது என்று எஸ்டேட் ரைட்டரிடம் சொன்னால், "காப்பி மூட்டை தூக்கறவனுக்கு முதுகு வலிக்காம மூக்கா வலிக்கும்?" என்பார். நியாயமாகத்தான் பட்டது. பின்னிரவில் வலி எழுப்பிவிடும். சில நாள் வலது புட்டத்தில், சில நாள் இடது புட்டத்தில், மாறி மாறி. குதிகாலில் முள் குத்தின மாதிரி இருக்கும். காலையில் பல் விளக்கக் குனிய முடியாது. ரெண்டு லோடு ஏற்றியதும் சரியாகிவிடும். வேலை செய்தால் குறைகிற வலி எப்படி வேலையால் வந்திருக்கும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. வலித்த வயதைப் பார், உன் வயதுதான்.

அப்புறம் பனி. நம் மலையில் எந்த மூட்டு வலித்தாலும் பனி மேல்தானே பழி. "இந்தக் குளுருக்கு எலும்பு தாங்குமாங்க, கீழ போயி நாலு வெயிலு காயுங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். சேலத்தில் என் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே சும்மா இருக்க முடியாமல், மச்சானுக்கு ஒத்தாசையாகத் தினமும் மார்க்கெட்டுக்கு நடந்தேன். காலையில் நடை, சாயங்காலம் நடை. வலி பாதி இறங்கிவிட்டது. பார்த்தாயா, வெயில் வேலை செய்கிறது என்றார்கள். மலைக்குத் திரும்பினேன். முதுகு வலிக்காரன் இனி மூட்டை தூக்கக் கூடாது என்று எனக்கு இந்தக் கடையை வைத்துக் கொடுத்தார்கள். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தேன். வலி திரும்ப வந்தது. பார்த்தாயா, பனி என்றார்கள். மறுபடியும் சேலம், மறுபடியும் நடை, மறுபடியும் நல்லது. நடை செய்த வேலைக்கு வெயில் பேர் வாங்கிக்கொண்டது. இப்படி மலைக்கும் சேலத்துக்கும் போய்வந்தே என் முதுகு முழுக்க ஒட்டிப்போனது. மலையில் பிறந்தவனால்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். சேலத்தில் பிறந்தவனுக்குப் பழி போட ஒரு பனி கிடையாது.

அதே தப்பைத்தான் நீ ஓசூரில் உட்கார்ந்துகொண்டு செய்கிறாய். உனக்குப் பைக்கும் கம்பெனி ஏசியும் கிடைத்திருக்கின்றன.

எனக்கு நோயைக் கண்டுபிடித்தது கண் டாக்டர் என்றால் நம்புவாயா? உனக்குச் சிவந்த மாதிரியே எனக்கும் சிவந்தது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன், அடங்கியது. மறுபடி வந்தது, மறுபடி போட்டேன். ஒரு தடவை அடங்கவில்லை. பார்வை பனி மூடின மாதிரி ஆகிவிட்டது. சேலத்தில் காட்டினேன். டாக்டர் கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு முதுகு வலி இருக்குங்களா?" என்று கேட்டார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏனுங்க டாக்டர், கண்ணக் காட்ட வந்தா முதுகக் கேக்கறீங்க. முதுகக் காட்டுனா கண்ணக் கேப்பாங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காலையில் எழுந்தால் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது, பின்னிரவில் எழுப்புகிறதா, நடந்தால் குறைகிறதா, படுத்தால் குறைகிறதா என்று வரிசையாகக் கேட்டார். என் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்து பார்த்தவர் மாதிரி கேட்டார். கண்ணுக்குள் வந்த வீக்கமும் முதுகு வலியும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம் என்று சொல்லி, மூட்டு வாத டாக்டரம்மாவிடம் அனுப்பினார். என் வலது கண்ணில் போன பார்வை முழுசாகத் திரும்பவில்லை. அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அந்தப் பக்கமாக வருகிற குரங்குக்கு மட்டும் தெரியும்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பு தனித்தனிக் கண்ணியாக இருக்க வேண்டியது, மூங்கில் மாதிரி ஒரே கழியாகிவிட்டது என்று காட்டினார். "உடம்பைக் காக்கற சக்தி இருக்குதுங்களே, அது ஆளு தெரியாம உங்க மூட்டையே போட்டுத் தாக்குதுங்க" என்றார்.

"பெரியண்ணன் நாயாட்டங்களா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை, சொன்னேன். பக்கத்துப் பழக்கடைப் பெரியண்ணன் குரங்கை விரட்ட ஒரு நாய் வளர்த்தான். நன்றாகத்தான் விரட்டியது. திடீரென்று அதற்கு என்ன ஆயிற்றோ, குரங்கு எது, கிராக்கி எது என்று தெரியாமல் போய்விட்டது. டூரிஸ்ட்டைக் கடித்தது. பஸ் டிரைவரைக் கடித்தது. கடைசியில் சோறு போடுகிற பெரியண்ணனையே கடித்தது. அடித்து விரட்டலாம் என்றால், நாய் இல்லாத கடையைக் குரங்கு ஒரே நாளில் காலி பண்ணிவிடும். அதனால் கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டினான். குரைக்கும், ஆனால் ஆளை எட்டாது. டாக்டரம்மா சிரித்துவிட்டு, "மருந்து அந்தக் கயிறுதாங்க பாய்" என்றார். கயிறு குட்டையானால் குரங்குக்கு, அதாவது கிருமிக்கு, கொஞ்சம் கொண்டாட்டம்தான். அதனால் இதற்கான மருந்து ஊசியைப் போடுவதற்கு முன்னால் டிபி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போட்ட பிறகு காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்துப் படுக்காமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும். உனக்கும் மருந்து தேவைப்பட்டால் இதையெல்லாம் அவரே சொல்வார்.

அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது. வாழவந்தியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்.

"ஏனுங்க பாய், உங்களுக்கும் காலைல கை மடங்கலீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"கை நல்லா மடங்குதுங்கம்மா, கழுத்துதான் திரும்பல. முன்னாடி வந்து உக்காருங்க, யாருன்னு பாக்கறேன்."

வந்து உட்கார்ந்தார். ரெண்டு கையிலும் விரல் கணுக்கள் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. "விடிஞ்சா களி கிண்டற துடுப்பப் புடிக்க முடியறதில்லீங்க. பத்து மணிக்கு மேல சரியாப் போயிருதுங்களா, அதனால என்ற மாமியா, வேலைக்குக் கள்ளம் பண்றான்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாங்க" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் காலேஜ் படிக்கிற ஒரு பெண். மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னம் சிவந்திருந்தது. வெயில் பட்டால் அதிகமாகுமாம். முடி கொட்டுகிறது, வாயில் புண் வருகிறது, மூட்டு வலிக்கிறது, எந்நேரமும் அசதி. கண்டதைப் பூசுகிறாள் என்று அவள் அம்மா க்ரீமையெல்லாம் தூக்கி எறிந்தாராம். பார்த்தால் சிறுநீரகத்தையும் அது தொட ஆரம்பித்திருந்தது. எனக்கு முதுகு, அந்த அம்மாவுக்கு விரல், அந்தப் பெண்ணுக்கு உடம்பு முழுக்க. வேறு வேறு நோய்தான், பேரும் வேறு, மருந்தும் வேறு. ஆனால் எல்லார் வீட்டிலும் நாய்தான் கடிக்கிறது. எல்லாரையும் வீட்டு ஆட்கள், கள்ளம், பனி, க்ரீம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. "மூணு பேரும் சேந்து ஒரு நல்ல ஆளு தேறுவம் போலிருக்குதுங்க" என்றேன். அந்தப் பெண் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள் என்று அவள் அம்மா சொன்னார்.

மறுபடியும் எழுந்து நடந்தேன். அம்மா, "ஒரு லெட்டருக்கு இத்தன நடையா? நடந்தே ஓசூர் போயிருக்கலாம்" என்கிறாள்.

இப்போது உன் விஷயம். சாப்பாட்டில் கல் பொறுக்குகிற மாதிரி உன் ஒவ்வொரு சாக்கையும் பொறுக்கி வைத்திருக்கிறேன். "எனக்கு இன்னும் வயசாகலீங்க அத்தா" என்கிறாய். இது வயசானவர்களைத் தேடி வருகிற நோய் இல்லை, இளசுகளைத்தான் பிடிக்கும். "கண்ணு சரியாயிருச்சு" என்கிறாய். எனக்கும் சரியாயிருச்சு, சரியாயிருச்சு என்றுதான் போனது. அதனால் கண்ணை, கீழே நான் சொல்லப்போகிற வியாழக்கிழமை வரைக்கும் வைக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வருகிற அன்றே ஓசூரில் ஒரு கண் டாக்டரிடம் போ. முதுகு வலியையும் அவரே கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீயே சொல். மருந்துக் கடைச் சொட்டு மருந்தைத் தூக்கிப் போடு. வலிக்கு யாரோ பொட்டலமாகத் தருகிற பொடியையும் தொடாதே. நம் கடைத் தைலமும் இதற்கு ஆகாது. அதை டூரிஸ்ட்டிடம் சொல்லிவிடாதே, பிழைப்பு போய்விடும்.

இன்னொன்று. உன் பேக்கில் ஏலக்காய் எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, டீயில் போட என்றாயாம். நீ சிகரெட் பிடிக்கிறது உன் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். மிளகும் ஏலக்காயும் விற்கிறவன் மூக்குக்குத் தெரியாதா? புகை இந்த நோயை வேகமாகத் தள்ளும் என்று டாக்டரம்மா சொன்னார். ஏலக்காயை மட்டும் வைத்துக்கொள், இன்னொன்றை விட்டுவிடு.

உனக்கு இது இல்லாமலும் போகலாம். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்று இல்லை. உன் அக்காவுக்கு ஒன்றும் இல்லை. வெறும் பைக் வலி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டால், சாகிற வரைக்கும் நீ என்னைக் கேலி பண்ணலாம், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் சந்தோஷமாக ஓடி வந்துவிடாதே. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருக்கும், எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும் என்று எனக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறார். இருக்கிறது என்றே ஆனாலும், நீ என்னை மாதிரி ஆக வேண்டியதில்லை. நான் போனபோது கழி ஒட்டியாகிவிட்டது, ஒட்டினதைப் பிரிக்க முடியாது. நீ இப்போது போனால், பயிற்சி, மருந்து, நடை என்று அதைப் பிடித்து நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. வரிசையில் என்னோடு இருந்த ஒரு பையன் ஊசி போட்டுக்கொண்டு இப்போது கபடி ஆடுகிறான். நான் போய்ப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது.

கல்யாணம் முடியட்டும் என்றாய். அங்கேதான் என் தூக்கம் போகிறது. சபீனா வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நீ பயப்படுவது புரிகிறது. நான் போய்ச் சொல்ல மாட்டேன், அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் நேற்று ராத்திரி சாப்பிடும்போது உன் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்புள்ள, நிக்காஹுக்கு முன்னாடியே என்ற முதுகு இப்படின்னு சொல்லியிருந்தா, நீ என்னையக் கட்டியிருப்பியா?"

அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள், "கட்டியிருப்பேன். ஆனா உங்கள அந்த ஸ்டூல்ல உக்கார உட்டுருக்க மாட்டேன். காலைலயும் சாயங்காலமும் ஏரியச் சுத்தி ஓட்டியிருப்பேன். நொம்ப முதுகுவலி, உக்காந்து யாவாரம் பாக்கறேன்னீங்க, நானும் சரின்னு உட்டுட்டேன். எனக்கு யாரு சொன்னா?"

நீயும் அதை யோசித்துப் பார், கண்ணு. சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் மட்டும் இல்லை. உன்னை விரட்டி விரட்டி நடக்க வைக்க ஒரு ஆள் உனக்கு இல்லாமல் போய்விடும்.

என் பிழைப்பைப் பார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், பஸ் திருப்புகிற மாதிரி உடம்பையே திருப்ப வேண்டும். குரங்குகள் எந்தப் பக்கம் வந்தால் எனக்குத் தெரியாது என்று படித்து வைத்திருக்கின்றன. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பொரிக்கடை போடும்போதெல்லாம் பெரியண்ணன், "எங்க சாமி குகைக்குள்ள போறதுக்கு நாங்கெல்லாம் குனியோணும், பாய்க்கு அந்தச் செரமம் இல்ல, பொறக்கும்போதே குனிஞ்சுட்டாரு" என்பான். நானும் சிரிப்பேன். ஆனால் குனிந்தே இருப்பவனுக்குக் குனிவதில் என்ன மரியாதை இருக்கிறது? பள்ளிவாசலில் நெற்றி தரையில் பட சஜ்தா செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கு ஞாபகம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறேன். உன் நிக்காஹ் அன்று நீ ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, ஹஜ்ரத் ஓதி முடித்ததும், யாரும் கை கொடுக்காமல் நீயாக எழுந்திருக்க வேண்டும். எனக்கு அது போதும். அன்றைக்கு நான் எந்தக் கதையும் சொல்ல மாட்டேன்.

டாக்டரம்மா சேலத்தில் வியாழக்கிழமை பார்க்கிறார். உன் பேரில் டோக்கன் போட்டுவிட்டேன். லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடி, பைக் வேண்டாம். மலை இறங்குகிற பஸ்ஸில் சேலம் வரைக்கும் ஒரே இருப்பாக உட்கார என்னால் ஆகாது என்று உனக்குத் தெரியும். அடிவாரத்தில் இறங்கி, டீக்கடைப் பக்கம் கொஞ்சம் நடந்து, முதுகைப் பழக்கிவிட்டு அடுத்த பஸ் ஏறுவேன். நீ சேலத்திலிருந்து அங்கே வந்துவிடு, சேர்ந்து போவோம். நீ வரவில்லை என்றால் நான் தனியாகப் போய், டோக்கனைக் காட்டி, மகனுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன். அடுத்த வியாழக்கிழமையும் இறங்குவேன். அதற்கடுத்த வியாழனும் இறங்குவேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். இது கிண்டல் இல்லை.

வந்தால் ஒன்றே ஒன்று. சின்ன வயதில் செய்த மாதிரி பின்னால் வந்து "அத்தா" என்று கத்தாதே. நான் உடம்பைத் திருப்பி முடிப்பதற்குள், நீதான் கூப்பிட்டாயா, இல்லை எனக்கே அப்படிக் கேட்டதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். முன்னால் வந்து நில். நின்று கொஞ்சம் குனி. உன் உயரத்துக்கு என் கழுத்து நிமிராது. உன் கண் சிவந்திருக்கிறதா என்று முதலில் நான் பார்க்க வேண்டும். குனிவதும் நிமிர்வதும் உன்னால் முடிகிற காலம் இது, கண்ணு. அது போவதற்குள் வந்துவிடு.

உன்,
அத்தா